36 லட்சம் சம்பளமும் 96 பவுண்டு மீதமும்

கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்தில் டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை போடும் பெரியவர் ஒருவர் தோளைத் தட்டி, "கணக்கு, உன் வீட்டில் வருடத்துக்கு 36 லட்சமாமே? எனக்கு ஒரு ஐந்து கைமாற்றாகக் கொடேன்" என்றார். ஐந்து என்றால் ஐந்து லட்சம். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதில் பாதிதான் சிரிப்பு.

36 லட்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் மனைவி இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே அரசு மருத்துவமனைகளில் ஐந்தாம் நிலை நர்ஸுக்கு 2025-26இல் தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு. என் மைத்துனன் கைப்பேசியை எடுத்து, பவுண்டுக்கு 117 ரூபாய் என்று அதை 117ஆல் பெருக்கினான். விடையை ஒரு கல்யாண வீட்டில் சொன்னான். அதற்குப் பிறகு அரவேணு வரை எல்லோருக்கும் எங்கள் வருமானம் மனப்பாடம்.

நான் 14 வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலைக்கு எடை, விலை, பிடித்தம், பட்டுவாடா எல்லாம் என் நோட்டில் ஏறித்தான் வெளியே போகும். மனைவி மார்ச் மாதம் போய்விட்டாள். நானும் இரண்டு பிள்ளைகளும் பிப்ரவரியில் போகிறோம். பெரியவளுக்கு 10 வயது, சின்னவனுக்கு 5. அம்மா வரவில்லை. இந்த எட்டு மாதமாக இரவு பத்து மணிக்கு மேல், அவள் பணி முடிந்து போனில் வரும் நேரத்தில், நாங்கள் இருவரும் பேசிய பேச்சில் பாதி இந்தக் கணக்குதான். காதல் கல்யாணம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 10ஆம் தேதி அவள் போய் இறங்கினாள். விமான டிக்கெட்டும் முதல் சில வாரங்களுக்குத் தங்கும் அறையும் மருத்துவமனையே கொடுத்தது. மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும் என்று நோட்டில் மார்ச் வரவில் எழுதிவைத்தேன். கையில் 600 பவுண்டு கொடுத்தனுப்பினேன். அது மூன்று வாரத்துக்குத் தாராளம் என்று நினைத்தேன். அவள் சேர்ந்தபோது அந்த மாதத்துச் சம்பளப் பட்டியல் மூடிவிட்டதாம். முதல் சம்பளம் ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. 600 பவுண்டில் ஏழு வாரம். குளிர்க்கோட்டு, போன் சிம், பஸ், சாப்பாடு எல்லாம் அதற்குள். கடைசி பத்து நாள் சோறும் முட்டையும்தான் என்று எனக்கு மே மாதம்தான் தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 14 வருடமாக நான் இலைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதே இதைத்தான். இந்த மாதம் போட்ட இலைக்கு அடுத்த மாதம்தான் பணம். தேயிலை வாரியம் மாதச் சராசரி விலையை அறிவிக்க வேண்டும், பிடித்தம் கழிக்க வேண்டும், பிறகுதான் பட்டுவாடா. அவசரம் என்று வருபவர்களிடம், "வரவேண்டியது வேறு, வந்தது வேறு ஐயா" என்று எத்தனை முறை நீதி சொல்லியிருப்பேன்! சொந்த வீட்டுக் கணக்கில் வரவேண்டியதை வந்ததாக எழுதிவிட்டேன். குடும்பத்தோடு போகிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால், மற்ற எதையும் விட முதலில் இதைச் சொல்வேன்: சம்பளமே இல்லாத இரண்டு மாதத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. போனவுடனே அவள் ஐந்தாம் நிலை நர்ஸ் இல்லை. அங்கே ஆஸ்கி என்று ஒரு செய்முறைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறி, செவிலியர் கவுன்சில் பதிவு எண் கிடைக்கும்வரை நான்காம் நிலைச் சம்பளம்தான். கைக்கு 1,800 பவுண்டு அளவில் வந்தது. ஜூனில் தேறினாள். ஏப்ரலிலிருந்து தரவேண்டிய ஊதிய உயர்வின் நிலுவை ஆகஸ்டில் வந்தது. அன்றைக்குத்தான் முதன்முறையாகப் போனில், "நான் இன்று ஒரு மீன் வாங்கினேன்" என்றாள்.

இப்போது 36 லட்சத்துக்கு வருகிறேன். 31,049ஐ 12ஆல் வகுத்தால் மாதம் 2,587 பவுண்டு. ஓய்வூதியத்துக்குச் சுமார் 215 போகிறது. வருடத்தில் முதல் 12,570 பவுண்டுக்கு வரி கிடையாது, மேலே உள்ளதற்கு 20 சதவீதம், மாதம் 265. தேசியக் காப்பீடு என்று, 12,570க்கு மேலே உள்ள சம்பளத்துக்கு 8 சதவீதம். அது ஒரு 123. எல்லாம் போகக் கைக்கு வருவது சுமார் 1,980 பவுண்டு. இரவுப் பணிக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம் கூடுதல், ஞாயிற்றுக்கிழமைக்கு 60 சதவீதம். அதை நான் வரவில் சேர்க்கவில்லை. அவள் இரண்டு மாதம் உடம்புக்கு முடியாமல் பகல் பணி மட்டும் பார்த்தால் என்ன செய்வது? மிகைநேரப் பணத்தை நம்பி வாடகைக்கு வீடு பிடித்தவர்களின் கதைகளை அவளே சொல்லியிருக்கிறாள்.

என் வருமானம் என்ற வரியில் பூஜ்யம் போட்டிருக்கிறேன். மைத்துனன் இதை ஏற்கவில்லை. "மாமா, அங்கே சட்டப்படி 2025-26இல் மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸுக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாதாம். நீங்கள் மூட்டை தூக்கினாலும் மாதம் இரண்டாயிரம் வருமே!" உண்மைதான். சார்ந்து போகிற கணவனும் அங்கே வேலை பார்க்கலாம். ஆனால் அவளுக்குப் பணி என்றால் பன்னிரண்டரை மணி நேரம். காலை ஏழுக்குப் போனால் இரவு எட்டு. பள்ளி ஒன்பதுக்குத் தொடங்கி மூன்றேகாலுக்கு விட்டுவிடும். இங்கே பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவதும் இறக்கிக்கொள்வதும் அம்மா. அவர் எங்கள் கணக்கில் ஒரு நாளும் செலவாக வந்ததில்லை. அங்கே அந்த வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று ஆள் வைக்க வேண்டும். ஆகவே காலை ஒன்பதரையிலிருந்து பிற்பகல் இரண்டரைக்குள் எனக்கு ஏதாவது வேலை கிடைக்கும்வரை நான் பூஜ்யம். பூஜ்யம் எழுதிவைப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஒரு பவுண்டு வந்தாலும் லாபம்.

இனிச் செலவு. மேற்கு யார்க்‌ஷயரில் பழைய கம்பளி ஆலைகள் இருந்த ஒரு மலையூர். வரிசை வீடு, இரண்டு அறை, வாடகை 725. புகைப்படத்தில் பார்த்தபோது அம்மா, "குன்னூர் மாதிரியே இருக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு தூரம்?" என்றார். ஏற்றம், இறக்கம், மழை, கல் சுவர், சுவரில் பூசணம், எல்லாம் அப்படியேதான். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அந்தக் குளிரைத் தேடி, கோத்தகிரி பக்கத்தில் நம் கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். நாங்கள் இந்தக் குளிரைவிட்டு அந்தக் குளிருக்குப் போகிறோம். அவருக்குப் பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி இருந்தது, எங்களுக்கு யாரும் கிடையாது.

வாடகை 725 என்பது எளிய பகுதி. முன்பணத்துக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 2019இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் 725ஐ 12ஆல் பெருக்கி, 52ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்க வேண்டும்: 836 பவுண்டு. வாரக் கணக்கும் மாதக் கணக்கும் கலந்து எழுதும் ஒரு தேசத்தைப் பார்த்து, என்னைப் போன்றவன் மகிழாமல் இருக்க முடியாது. கோத்தகிரியில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பவர்கள் இதைப் படித்தால் நன்று. ஆனால் அங்கே வேறு பக்கத்தில் பிடித்தார்கள். புதிதாக வந்தவளுக்குக் கடன் வரலாறு கிடையாது, ஜாமீன் போட உள்ளூர் ஆள் கிடையாது. எனவே ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடு என்றார் தரகர். 4,350 பவுண்டு. நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டு, மருத்துவமனையின் பணிக்கடிதத்தை ஏற்றுக்கொண்டு இரண்டு மாதத்தோடு நின்ற வேறு ஒருவரிடம் போனோம். அதற்குள் மூன்று வாரம் போய்விட்டது.

வீடு என்றால் வெறும் வீடுதான். திரைச்சீலை கிடையாது, கட்டில் கிடையாது, துவைக்கும் இயந்திரம் வைக்க இடம் உண்டு, இயந்திரம் கிடையாது. இதற்கு 1,200 ஒதுக்கினேன். அவள், "தர்மத்துக்காக நடத்தும் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன, 700 போதும்" என்கிறாள். மெத்தையை மட்டும் புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டு வரி அங்கே குடியிருப்பவர் தலையில். வீட்டுக்காரர் கட்டமாட்டார். நமக்கு இது புதிது. எங்கள் வீட்டுக்கு வருடம் 1,500 பவுண்டு. பத்துத் தவணையாகக் கட்டுவது வழக்கம் என்பதால் தவணை 150. அதைப் பார்த்து மாதச் செலவு 150 என்று எழுதக் கூடாது. 12ஆல் வகுத்து 125. வீட்டில் பெரியவர் ஒருவரே இருந்தால் கால் பங்கு தள்ளுபடி உண்டு. நான் போய் இறங்கியதும் அந்தத் தள்ளுபடி போய்விடும். என் முதல் சம்பாத்தியம் இதுதான் என்று அவளிடம் சொன்னேன்.

மின்சாரமும் எரிவாயுவும்தான் எங்களுக்குள் உண்மையான சண்டை. அரசு ஒழுங்குமுறை அமைப்பு விலைக்கு உச்சவரம்பு வைக்கிறது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரிக் குடும்பத்துக்கு வருடக் கணக்கில் 1,755 பவுண்டு. நான் 146 என்று எழுதினேன். உச்சவரம்பு என்றால் அதற்கு மேல் பில் வராது என்று நினைத்துவிட்டேன். அது யூனிட் விலைக்கு மட்டும்தான் வரம்பு; எரிப்பது நம் பாடு. "நீங்கள் ஜனவரியில் கணப்புச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிற ஆள். உங்களுக்கு 146 போதாது" என்றாள். உறைபனி விழும் ஊரில் பிறந்தவன் நான், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன் என்றேன். பிள்ளைகளை? அதற்குப் பதில் இல்லை. 146 என்றே நிற்கிறது. ஆனால் அந்த வரிக்கு நேரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். தண்ணீர் 45. இணையமும் இரண்டு போனும் 45. சாப்பாடு 380. பஸ் 90. கார் இப்போது வேண்டாம். இந்திய உரிமத்தில் 12 மாதம் ஓட்டலாம் என்றாலும், புது ஆளுக்குக் காப்பீடு கேட்கும் தொகையைப் பார்த்தால் நடந்தே போகலாம் என்று தோன்றுகிறது. பெரியவளின் மதிய உணவு, சீருடை எல்லாம் சேர்த்து 55. சின்னவனுக்கு மதிய உணவு இலவசம். இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் அப்படித்தான். அவன் கைக்காசு கொடுத்தாலும் அதைச் சாப்பிடுவானா என்பது வேறு விஷயம். செவிலியர் கவுன்சில் பதிவுக்கு வருடம் 120, அதாவது மாதம் 10. துணிமணி, சோப்பு, சில்லறை 60. தொலைக்காட்சிக்கு உரிமக் கட்டணம் 2025-26இல் வருடம் 174 பவுண்டு 50 பென்ஸ், நேரலையும் பி.பி.சி. செயலியும் பார்க்காமலிருந்தால் வேண்டியதில்லை. நாங்கள் பார்க்கப் போவதில்லை. கூட்டினால் 1,681.

குழந்தைகளுக்கு அந்த அரசு மாதாமாதம் உதவித்தொகை தருமே, அதை வரவில் எழுதவில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தரும், ஆனால் எங்களைப் போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. பொது நிதியில் உரிமை இல்லை என்று விசாவிலேயே எழுதியிருக்கும். அதை வரவாகப் போட்டுக் காட்டும் காணொளிகளை நம்பி யாராவது வீடு பிடித்தால் பாவம். மறுபக்கம், எங்களுக்குக் கிடைத்த பெரிய சலுகையை யாரும் பேசுவதில்லை. மருத்துவப் பணியாளர் விசா என்பதால் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கிடையாது, குடும்பத்துக்கும் சேர்த்து. வேறு தொழிலில் போயிருந்தால் பெரியவருக்கு வருடம் 1,035, குழந்தைக்கு 776. எங்கள் மூவருக்கும் மூன்று வருடத்துக்கு 7,761 பவுண்டு முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். விசாக் கட்டணம் மட்டும் 2025இல் தலைக்கு 304, மூவருக்கு 912.

இதற்கு மேல், 800 பவுண்டு வங்கியில் இருப்பதாகக் காட்ட வேண்டும்: எனக்கு 285, முதல் குழந்தைக்கு 315, அடுத்ததற்கு 200. செலவு செய்யவேண்டிய பணம் அல்ல, காட்டவேண்டிய பணம். ஆனால் தொடர்ந்து 28 நாள் அது குறையாமல் கிடக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். அக்டோபர் மழையில் பத்தொன்பதாம் நாள், சமையலறை ஓட்டுக்கு மேலே போட்டிருந்த தகரம் காற்றில் போய்விட்டது. அம்மா அடுப்புக்கு மேலே குடை விரித்துவைத்து ரசம் கொதிக்கவிடுகிறார். என் கணக்கில் 94,000 ரூபாய் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. சீட்டுக்காரரிடம் போய்ப் பாதித் தள்ளுபடியில் சீட்டை எடுத்துத் தகரம் வாங்கினேன். "வங்கியில் பணத்தை வைத்துக்கொண்டு சீட்டு எடுக்கிற கணக்குப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார் அவர். ஆதாரமாகக் காட்டும் பணம் வேறு கணக்கில், வீட்டுப் பணம் வேறு கணக்கில் இருக்க வேண்டும் என்று அன்று கற்றேன்.

ஏஜெண்டு விஷயம் ஒன்று. தொடக்கத்தில் ஒருவர் வேலை வாங்கித் தர நான்கு லட்சம் கேட்டார். இங்கிலாந்து அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி சுகாதாரப் பணிக்கு வருபவரிடம் வேலை வாங்கித்தரக் கட்டணம் வாங்கக் கூடாது. அவள் நேரடியாக விண்ணப்பித்தாள். அந்த நான்கு லட்சம் இருந்திருந்தால் எங்களுக்கு இந்தப் பதிவில் பாதி பிரச்சினை இருந்திருக்காது. கொடுத்திருந்தால் மீதிப் பாதியும் சேர்ந்திருக்கும்.

முதல் மாதங்களில் அவள் எதையும் வாங்காததற்குப் பணமின்மை மட்டும் காரணமில்லை. பெருக்கல்தான் காரணம். பஸ் டிக்கெட்டைப் பெருக்கிப் பார்த்துவிட்டு மழையில் நடந்திருக்கிறாள். தலைமுடி வெட்ட 12 பவுண்டு, 1,400 ரூபாயா என்று திரும்பி வந்திருக்கிறாள். ஒரு இரவு நான் பெருக்குவதை நிறுத்திவிட்டு மணிக்கணக்காகப் பார்த்தேன். அவளுக்கு வரி எல்லாம் போக ஒரு மணி நேர உழைப்புக்கு 12 பவுண்டு கிடைக்கிறது. இங்கே தனியார் மருத்துவமனையில் மாதம் 18,000 ரூபாய் வாங்கினாள். நாளுக்கு எட்டு மணி, 26 நாள். மணிக்கு 86 ரூபாய். அப்படிப் பார்த்தால் முடி வெட்டுவதற்கு அங்கே ஒரு மணி, இங்கே 100 ரூபாய் என்றால் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். வாடகைக்கு அங்கே 60 மணி; இங்கே 6,000 ரூபாய் வீட்டுக்கு 70 மணி. எனக்கே நம்ப முடியவில்லை. கேரட்டுக்கு அங்கே கிலோ 70 பென்ஸ், மூன்றரை நிமிடம். கேரட் விளையும் மலையில் இருந்துகொண்டு இங்கே அவள் 50 ரூபாய்க் கேரட்டுக்கு அரை மணிக்கு மேல் உழைத்திருக்கிறாள். இங்கிலீஷ் காய்கறி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

அந்தக் கணக்கைச் சொன்ன மறுநாள் முடி வெட்டிக்கொண்டாள். இருந்தாலும் பெருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே செலவாகும் பணத்தைப் பெருக்கினால் பட்டினி கிடப்போம். இங்கே அனுப்பும் பணத்தைப் பெருக்காவிட்டால் ஏமாந்துபோவோம்.

அனுப்பும் பணம் என்று சொன்னேன். நான் பார்த்த எல்லாப் பட்டியலிலும் இந்த வரி இல்லை, அல்லது கடைசியில் 'இதர' என்று இருந்தது. குடும்பம் குடிபெயர்கிறது என்றால் ஒரு அடுப்பு இங்கிருந்து அங்கே நகர்கிறது என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு நகரவில்லை. இரண்டாகிறது.

இது என் அப்பாயிக்கு நன்றாகத் தெரியும். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள, சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எங்கள் குடும்பத்துக்கு முறை வந்தது பத்து வருடம் கழித்து. இலங்கை மஸ்கெலியாவிலிருந்து கோச்சி, அதாவது ரயில், ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறிப்பு. அப்பாயி அங்கிருந்து தூக்கிவந்தது ஒரு அம்மிக்கல். இங்கே கல்லுக்குப் பஞ்சம் என்று யாரோ சொன்னார்களாம். கல்லைத் தூக்கிவந்தவர், கம்பளியை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். இந்தியா சூடான நாடு என்று நினைத்தாராம். கோத்தகிரிக்கு வந்து முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது கம்பளி. தோட்டத்தில் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம். கடையில் விலை கேட்டு வாங்கவே தெரியாது. "விலை தெரியாத ஊருக்கு வந்தோம் தம்பி" என்பார்.

அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார், இலங்கைக் குடியுரிமையோடு. ஒரு வீட்டை இரண்டு நாடாக்கிய ஒப்பந்தம் அது. அக்கா இறந்த செய்தி கடிதத்தில் வந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது. போக முடியாததற்குக் கடவுச்சீட்டும் காரணம், காசும் காரணம். அப்பாயி இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "காசு இருந்திருந்தால் எப்படியாவது போயிருப்பேன்."

அதனால்தான் என் பட்டியலில் 1,681க்குக் கீழே இரண்டு வரி. ஒன்று, அம்மாவுக்கு 12,000 ரூபாய், 103 பவுண்டு. இரத்த அழுத்த மாத்திரை, எரிவாயு, அரை ஏக்கரில் இலை பறிக்க ஆள்கூலி, பிறகு மொய். மொய்யை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். உள்ளூரில் இருந்தவரை 500 எழுதினால் போதும். வெளிநாட்டுக்குப் போனவன் வீட்டிலிருந்து 500 என்றால், நோட்டில் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்ப்பார். இன்னொன்று, அவசரப் பயணத்துக்கு மாதம் 100 பவுண்டு, யாரும் எதற்கும் தொடக் கூடாத பணம். மொத்தம் 1,884. 1,980இல் அது போக மீதம் 96 பவுண்டு. பெருக்குகிறவர்கள் பெருக்கிக்கொள்ளலாம்: 11,232 ரூபாய்.

இங்கே முடிக்கவேண்டிய சில்லறை வேலைகள் இன்னும் இருக்கின்றன. பல் வைத்தியம் மூவருக்கும் இங்கேயே முடிக்க வேண்டும். அங்கே அரசுத் திட்டத்தில் பல் மருத்துவர் கிடைப்பது குதிரைக்கொம்பு என்கிறாள். என் சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டும். காசநோய்ப் பரிசோதனைக்குச் சென்னை போக வேண்டும். அம்மாவுக்கு வீடியோ அழைப்பைத் தானே எடுக்கப் பழக்க வேண்டும். இப்போதைக்கு அவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நெற்றியைத்தான் காட்டுகிறார்.

நேற்று மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது நோட்டு திறந்து கிடந்தது. அம்மா எட்டாவது வரை படித்தவர், எண்கள் நன்றாகப் படிப்பார். 'அம்மா – 12,000' என்ற வரியைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 6,000 என்று எழுதியிருந்தார். கீழே கோணல் எழுத்தில் காரணமும் இருந்தது: ரேஷன் அரிசி போதும், இலைப் பணம் வரும், மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள், மொய்க்கு நான் போகமாட்டேன், கால் வலி என்று சொல்லிவிடுவேன். மின்சாரத்துக்கு நேரே நான் போட்டிருந்த கேள்விக்குறியை அழித்துவிட்டு, மிச்சப்படுத்திய ஆறாயிரத்தை அம்பு போட்டு அங்கே கொண்டுபோயிருந்தார். 'பிள்ளைகளுக்குக் குளிரும்.'

நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ராத்திரி அவருடைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் மறுபடியும் முழுப் பட்டியலையும் எழுதினேன், 12,000 என்றே. இப்போது நோட்டில் இரண்டு கணக்கு இருக்கிறது.